பள்ளிக்கூடத்தில் யார் நம்பர்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மூன்று ஷிஃப்ட். வீடு இராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மனைவி முக்கால் ஏக்கரில் தக்காளி பார்க்கிறாள். எட்டாவது வரை படித்தவள், பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது. மகள் வேறொரு பள்ளியில் ஏழாவது. போன வருடம் மகன் படிப்புக்காக 14,000 ரூபாயில் போன் வாங்கிக் கொடுத்தோம். எப்போது கேட்டாலும் பாடம் பார்க்கிறேன் என்கிறான். ஆனால் காலாண்டில் 500-க்கு 231, கணக்கில் 31. அதுவும் நவம்பரில் அவன் வாத்தியாரைச் சந்தையில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது ஓர் ஆன்லைன் கோச்சிங் கம்பெனியில் இருந்து பேசுகிறார்கள். டேப்போடு சேர்த்து இரண்டு வருடப் பாடம் 42,000 ரூபாய், மாதத் தவணை. மகனும் கேட்கிறான். வாங்கலாமா? இல்லை, இருக்கிற போனையும் பிடுங்கி வைத்துவிடட்டுமா? பள்ளி சமாச்சாரம் எதுவும் எனக்குப் புரியாது. இரண்டு பேர் பள்ளியிலும் மகன் நம்பரையே கொடுத்திருக்கிறோம், ஏதாவது வந்தால் அவன் சொல்லிவிடுவான். தக்காளி விலை தவிர வாட்ஸ்அப்பில் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை.
— ஒரு தந்தை, இராயக்கோட்டை

பதில்: தம்பி, டேப் கதையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். “இரண்டு பேர் பள்ளியிலும் மகன் நம்பரையே கொடுத்திருக்கிறோம்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டு நான் நகர்வதாக இல்லை.

காலாண்டு செப்டம்பரில் முடிந்தது. நீங்கள் மார்க்கைத் தெரிந்துகொண்டது நவம்பரில், அதுவும் சந்தையில். நடுவில் அந்த மார்க் எங்கே இருந்தது? உங்கள் மகன் கையில் இருந்தது. ரேங்க் கார்டில் கையெழுத்து போட்டது யார் என்று கேட்டீர்களா? கணக்கில் 31 வாங்கிய பையனிடமே அந்தச் செய்தியை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையையும் கொடுத்தால் எந்தப் பையன் சேர்ப்பான்? அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வயதில் அவன் செய்தது எல்லாப் பையன்களும் செய்வது. நீங்கள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவர் உட்கார வேண்டிய நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டு, அவன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அதோடு விட்டீர்களா? மகள் பள்ளிக்கும் அவன் நம்பர். அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் காய்ச்சல் வந்தால் ஆசிரியை யாரைக் கூப்பிடுவார்? இன்னொரு பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இருக்கும் அவள் அண்ணனை. ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் நகல் வேண்டும், பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை, நாளைக்கு மதியத்தோடு பள்ளி விடும் என்றெல்லாம் வரும் செய்திகள் எல்லாமே அவன் போனில், அவன் ஞாபகத்தில், அவன் மனசு வைத்தால் வீட்டுக்கு வருகின்றன. கடிதம் முழுக்க அந்தக் குழந்தையைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. அவள் என்ன மார்க் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

புரியாது என்கிறீர்கள். மண்டியில் ஒரு பெட்டித் தக்காளி என்ன விலை போகிறது என்று தினமும் அதே வாட்ஸ்அப்பில் பார்க்கிற ஆளுக்கு, “10-ஆம் வகுப்பு திருப்புதல் தேர்வு அட்டவணை” என்று தமிழில் வரும் செய்தி புரியாதா? இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. காரிமங்கலத்தில் இருந்தும் வரும், அரூரில் இருந்தும் வரும், ஊத்தங்கரையில் இருந்தும் வரும். எல்லாவற்றிலும் புரியாது என்ற சொல் இருக்கும். எட்டாவது படித்த உங்கள் மனைவிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அது போதும்.

இனி செய்ய வேண்டியது. அடுத்த பகல் ஓய்வு நாளில் இரண்டு பள்ளிக்கும் நேரில் போங்கள். போனில் சொல்லாதீர்கள். வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கொண்டு போங்கள்: மாணவர் பெயர், வகுப்பு, பழைய எண், புதிய எண். வகுப்பாசிரியர் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மாற்றினால் மட்டும் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற கணினிப் பதிவில் பெற்றோர் செல்பேசி எண் என்று தனியாக ஓர் இடம் உண்டு. அதிலும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் திரையில் உங்கள் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பத்தாவதுக்கு இன்னொன்று: பொதுத் தேர்வு முடிவு எஸ்எம்எஸ்ஸாக வருவது பள்ளி கொடுத்திருக்கும் எண்ணுக்குத்தான். பெயர்ப் பட்டியலில் எந்த எண் போயிருக்கிறது என்று கேளுங்கள். பள்ளியில் அலைய விட்டால் துறையின் உதவி எண் 14417.

மகன் போனில் இருக்கும் சிம்மைக் கழற்றி உங்கள் போனில் போட்டுக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று கடைக்காரர் யாராவது சொல்வார்கள். வேண்டாம். அவன் நண்பர்கள் பேசுவதெல்லாம் உங்களுக்கு வரும். அதை ஒட்டுக் கேட்கும் வேலை உங்களுக்கு எதற்கு? அதே சமயம் அந்த எண் வேறு எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ். பதினெட்டு வயது ஆகாதவன் பெயரில் சிம் கிடையாது. அது உங்கள் பெயரில் வாங்கியதாகத்தான் இருக்கும். வங்கியில் இருப்பது அந்த எண் என்றால் ஓடிபி வருவதும் அவனுக்குத்தான்.

கோச்சிங் கம்பெனி விஷயம் இங்கேதான் வந்து சேர்கிறது. இலவசத் தேர்வு, இலவச டெமோ என்று எதிலாவது பையன் நம்பரைப் போட்டிருப்பான். அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். மாதத் தவணை என்று இனிக்க இனிக்கச் சொன்னாலும், பெரும்பாலும் அது கம்பெனிக்கு நீங்கள் கட்டும் தவணையாக இருக்காது. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதி, முழுப் பணத்தையும் கம்பெனியிடம் கொடுத்துவிடும். நீங்கள் கட்டுவது அந்தக் கடனை. மூன்றாவது மாதம் வகுப்பே நடக்கவில்லை என்றாலும், பையன் திறந்தே பார்க்கவில்லை என்றாலும் தவணை நிற்காது, உங்கள் கணக்கில் இருந்து தானாக எடுத்துக்கொள்ளும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் பவுன்ஸ் அபராதம், சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணில் அடி. நாளைக்குப் பயிர்க் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ போனால் அது முன்னால் வந்து நிற்கும். இந்தத் தானியங்கிப் பிடித்தத்துக்குச் சம்மதிக்காதீர்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டது.

ஆகவே ஆதார், பான் படத்தை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ‘ஸ்லாட் புக் பண்ண’ என்று ஓடிபி கேட்டால் சொல்லக் கூடாது என்று மகனிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால், வங்கிக்குப் போய் உங்கள் கணக்கில் ஈ-மேண்டேட், அதாவது தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி, ஏதாவது பதிவாகி இருக்கிறதா என்று கேளுங்கள். செயலி வழியாகக் கொடுக்கும் கடனில் ‘கூலிங் ஆஃப்’ என்று ஒரு சிறு காலம் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் திருப்பிவிட்டு வெளியே வந்துவிடலாம். கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டேப் வேண்டாம். அதில் செய்யக்கூடிய எதுவும் இப்போதிருக்கும் போனில் முடியும்.

இனி படிப்பு. பாடம் பார்க்கிறேன் என்று அவன் சொல்வது முழுப் பொய்யாக இருக்காது. பார்ப்பதையே படிப்பென்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மின்னோட்டவியலில் 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் என்று ஒரு கணக்கு. வீடியோவில் ஆசிரியர் 1/6-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 1/2 என்று எழுதுவார், அடுத்த நொடியே தலைகீழாக்கி விடை 2 ஓம் என்று போய்விடுவார். பார்க்கிற பையனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாளில் தனியாகப் போடச் சொல்லுங்கள், 1/2 ஓம் என்று எழுதி நிறுத்திவிடுவான். அந்தத் தலைகீழாக்கும் இடத்தில் கை தானாகப் போக வேண்டுமென்றால் கையால் போட்டுப் பழகியிருக்க வேண்டும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

புத்தகத்தில் அந்தப் பகுதியை முதலில் ஒரு முறை வாசிக்கட்டும். பிறகு வீடியோ. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் வீடியோ வேண்டாம். கணக்கைப் பலகையில் எழுதியதும் நிறுத்தி, நோட்டில் தானே போட்டுப் பார்த்து, பிறகு ஓட விட வேண்டும். முடிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, பார்த்ததை ஒரு பக்கம் எழுத வேண்டும். மறுநாள் காலையில் அதே கணக்கை எண்களை மாற்றிப் போட வேண்டும். பத்து நிமிட வீடியோவுக்கு நோட்டில் நாற்பது நிமிட வேலை இருக்கிறது. உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, “இன்றைக்கு எழுதிய பக்கத்தைக் காட்டு” என்று கேளுங்கள். பக்கம் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

வீடியோ உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மார்க். இரண்டும் சேர்ந்து 16. காம்பஸை எங்கே ஊன்றுவது, வில்லை எந்தப் பக்கம் வெட்டுவது என்பது புத்தகத்தில் வாசித்தால் குழப்பும், கண்ணால் பார்த்தால் பிடிபடும். ஒவ்வொரு வில்லுக்கும் வீடியோவை நிறுத்தி வரையட்டும். தொடுகோடு வரைவதும் வடிவொத்த முக்கோணம் வரைவதும் வாரத்துக்கு மூன்று வீதம் வரைந்தால் திருப்புதல் தேர்வுக்குள் கை பழகிவிடும். வரைந்ததைப் பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கே கோணல் என்று போன் சொல்லாது. 31-க்கும் தேர்ச்சிக்கான 35-க்கும் நடுவில் நான்கே மார்க்தான் என்பதை மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் 42,000 தேவையில்லை. பாடநூலிலேயே கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய தீக்ஷா செயலியில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கோடு திறக்காவிட்டால் அதன் கீழே இருக்கும் ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கே பாடங்கள் இருக்கின்றன. ஏழாவது படிக்கும் மகளுக்கும் ஆகும். கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கமும் இருக்கிறது. மூன்றுக்கும் காசு இல்லை.

அவன் போனில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமா? செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்று இருக்கும். எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு நாளுக்கும் காட்டும். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள், அவன் தூங்கும்போது எடுத்துப் பார்க்காதீர்கள். டேட்டாவே இன்னொரு சாட்சி. பலகை எழுத்து 480பி-யிலேயே தெளிவாகத் தெரியும். மணிக்குச் சுமார் அரை ஜிபி ஆகும். தினம் 1.5 ஜிபி பேக் என்றால் மூன்று மணி நேரப் பாடம் பார்க்கலாம். பள்ளி விட்டு வந்து சாயங்காலம் ஆறு மணிக்கே டேட்டா தீர்ந்துவிட்டது என்கிறானா? அது பாடத்தில் தீர்ந்ததல்ல.

டேப்புக்காக ஒதுக்க நினைத்த பணத்தில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குள் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் வாங்கி உங்கள் மனைவி கையில் கொடுங்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு இருந்தால் போதும். நீங்கள் ஷிஃப்டில் இருக்கும் எட்டு மணி நேரமும் பள்ளி கூப்பிட்டால் எடுக்க ஓர் ஆள் வீட்டில் வேண்டும். அது தாயாக இருக்கட்டும். இரண்டு வகுப்புக் குழுவிலும் உங்கள் எண்ணோடு அவர் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களின் காலை வணக்கத்துக்கு அடியில் புதைந்து போகாமல் அந்தக் குழுக்களை வாட்ஸ்அப்பில் மேலே பின் செய்து வையுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மகள் அந்தப் போனில் மணற்கேணி பார்க்கலாம். அண்ணன் தூங்கட்டும் என்று அவள் காத்திருக்க வேண்டியதில்லை.

மகனின் போனைப் பிடுங்கலாமா என்று கேட்டீர்கள். எண்ணை மாற்றும் வரை தொடாதீர்கள். இன்றைய நிலையில் அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தால் இரண்டு பள்ளிக்கூடத்துச் செய்தியும் சேர்ந்து பீரோவுக்குள் போய்விடும். மாற்றிய பிறகு, இரவு ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கும் எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். எல்லாப் போன்களும் என்றேன், தம்பி. மண்டி விலை பார்க்கும் உங்கள் போனும் அதில் சேர்த்தி.