ஈறைக் கிழிக்காமல் பல் வைத்தால் மறுநாளே வேலைக்குப் போகலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 57. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய் இரண்டு வருடமாகிறது. ஈறைக் கிழிக்காமலே இம்பிளாண்ட் வைக்கலாம் என்கிறார் ஈப்போ டாக்டர். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மறுநாள் வேலைக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. குலை வெட்டுவது மூச்சைப் பிடித்து இழுக்கிற வேலை. புண்ணில் மறுபடி ரத்தம் கசியும். வீக்கமும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் கூடும். நாலைந்து நாள் லீவு சொல்லிவிடுங்கள்.

முறை நல்ல முறைதான். ஈறில் சின்ன வட்டமாகத் துளை போட்டு, அதன் வழியாக டைட்டானியம் திருகை எலும்பில் இறக்குவார்கள். பெரும்பாலும் தையல் இருக்காது, வலியும் குறைவு. ஆனால் எலும்பு டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. கீழ்த்தாடையில் நரம்பு வேறு ஓடுகிறது. அதனால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். பல் போன இடத்தில் எலும்பு மெலிந்திருந்தால் ஈறைத் திறந்து செய்வதே பத்திரம். அப்படிச் சொன்னால் வேறு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

என் அம்மாவுக்கும் இப்படித்தான் வைத்தோம். நாலாம் நாள் வீக்கமே இல்லை. சரி, ஆறிவிட்டது என்று அந்தப் பக்கமாகவே முறுக்கு கடித்தார், பல முறை. ஐந்தாவது வாரம் திருகு ஆடியது. முறுக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் பக்கத்திலிருந்து தடுத்திருக்க வேண்டும், இன்றும் மனசு கேட்கவில்லை. ஈறு சீக்கிரம் மூடிக்கொள்ளும். எலும்பு திருகோடு ஒட்டக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் கடிக்கவே கூடாது.

முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். ஆறிய கஞ்சி, ஆறிய மைலோ போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். சிகரெட், வெற்றிலை இருந்தால் இப்போதே விடுங்கள், புண் ஆறுவதை அவை கெடுக்கும்.

அப்புறம், மூன்று மாத சர்க்கரைச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டரிடம் காட்டுங்கள். அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அறுவையைத் தள்ளிப் போடலாம், ஒன்றும் குடிமுழுகாது. கஞ்சி மட்டும் குடிக்கும் நாளில் மாத்திரை அளவு என்ன என்று கிளினிக்கில் முன்பே கேட்டு வையுங்கள். மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஈப்போவுக்குக் கிளம்பிவிடுங்கள்.