கால்நடை கேள்வி பதில்: முதல்ல புழுக்கையைப் பாருங்க, அப்புறம் மருந்து பாட்டிலைத் தொடுங்க

இந்த மாசம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல புழு பத்திதான். மழை முடிஞ்சா வழக்கமா இப்படித்தான் வரும், அதனால சினைப் பிரச்சினை, மடிநோய் எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (மணப்பாறை பக்கத்து வாசகர்): டாக்டர் சார், எங்கிட்ட 40 வெள்ளாடு இருக்கு. மாசம் தவறாம குடற்புழு மருந்து ஊத்துறேன், மூணு வருஷமா ஒரே மருந்துதான். ஆனாலும் இந்த ஐப்பசி மழைக்கப்புறம் 3 குட்டி, 1 தாய் ஆடு போயிடுச்சு. கழிச்சல் கூட இல்ல. சாயங்காலம் ஆனா தாடைக்குக் கீழ பை மாதிரி வீங்கித் தொங்குது, காலையில பார்த்தா குறைஞ்சிருக்கு. மருந்து போலியா?

பதில்: மருந்து போலியா இருக்கணும்னு அவசியமே இல்ல தம்பி. "மாசம் தவறாம", "மூணு வருஷமா", "ஒரே மருந்து" இந்த மூணையும் ஒரே மூச்சுல எழுதியிருக்கீங்க பாருங்க, பதில் அதுலயே இருக்கு.

தாடை வீக்கம், கழிச்சல் இல்லாம சாவு, அதுவும் மழைக்கப்புறம்னா எனக்கு முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் புழு மேலதான். ஆட்டோட நாலாவது வயித்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற புழு இது. ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிக்கிறது 0.05 மில்லிதான், கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா வயித்துல 1000 புழு இருந்தா தினம் 50 மில்லி போகுது, 20 கிலோ ஆட்டு உடம்புல இருக்கிற ரத்தமே ஒன்றரை லிட்டர் தேறாது, கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. ரத்தத்துல புரதம் குறையக் குறைய நீர் இறங்கித் தாடையில கட்டும், பகல் பூரா தலையைக் குனிஞ்சு மேயுறதால சாயங்காலம் அதிகமாத் தெரியும்.

சரி, மருந்து ஏன் கேக்கல? மந்தையில எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தா அதுக்குச் சாகுற புழு செத்துப்போகும், சாகாத நாலு புழு மட்டும் தப்பிச்சுக் குட்டி போடும், பெண் புழு ஒண்ணு நாளைக்கு 5000 முட்டைக்கு மேல போடுது, ஆக கொஞ்ச வருஷத்துல உங்க பட்டி முழுக்க மருந்துக்கு அசையாத வம்சம்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பண்ணைகள்லயே இந்த எதிர்ப்பு பதிவாகியிருக்கு. இதுல இன்னொண்ணு, நம்ம ஆளுங்க ஆட்டை எடை போடுறதே இல்ல, கண்ணாலயே "15 கிலோ இருக்கும்"னு சொல்லி ஊத்துறது. டோஸ் குறைஞ்சாலும் அதே கதைதான். செம்மறிக்கு எழுதின அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துல பத்தாது, அதனால அளவை டாக்டர்கிட்ட கேட்டே கொடுங்க.

இப்ப என்ன செய்யணும்னா, முதல்ல கண்ணைப் பாருங்க. கீழ் இமையை மெதுவா இறக்கிப் பார்த்தா உள்சதை நல்ல சிவப்பா இருக்கா, வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருக்கான்னு தெரியும். தென்னாப்பிரிக்காவுல இதுக்குன்னே பமாச்சான்னு ஒரு அட்டை பண்ணாங்க, 5 நிறம், 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. 1, 2ல இருக்கிற ஆட்டுக்கு மருந்து வேணாம், 4, 5க்கு உடனே, 3 மட்டும் ஆட்டோட நிலைமையைப் பார்த்து. எல்லா ஆட்டுக்கும் ஊத்தாம எப்படிடான்னு தோணும், ஆனா மந்தையில இருக்கிற புழுவுல பெரும்பங்கைச் சுமக்குறது எப்பவும் கொஞ்ச ஆடுங்கதான், அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா போதும், மத்ததுகிட்ட இருக்கிற மருந்துக்குச் சாகுற புழு அப்படியே இருந்துட்டுப் போகட்டும், அதுதான் எதிர்ப்புப் புழுவோட கலந்து அதோட பலத்தைக் குறைக்கும். ஈரல் புழு, உண்ணி இருந்தாலும் கண் வெளுக்கும்ங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

அடுத்தது புழுக்கை டெஸ்ட். 10 ஆட்டுகிட்ட, தரையில கிடக்கிற பழசு வேணாம், அப்பப் போட்டதைப் பொறுக்கித் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல காத்து இல்லாம கட்டி, எந்த ஆடுன்னு எழுதி, ஐஸ் வச்ச டப்பாவுல அன்னைக்கே கொண்டு போங்க. லேப்ல 4 கிராம் புழுக்கையை உப்புத் தண்ணியில கரைச்சு மொத்தம் 60 மில்லி ஆக்குவாங்க, முட்டை லேசா இருக்கிறதால மேல மிதக்கும், மெக்மாஸ்டர்னு கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடுல வச்சு எண்ணுவாங்க. ரெண்டு கட்டத்துலயும் சேர்த்து 60 முட்டைன்னா 50ஆல பெருக்கி கிராமுக்கு 3000. மருந்து கொடுத்து 10லருந்து 14 நாளுக்குள்ள அதே ஆட்டுகிட்ட மறுபடி எடுங்க. 3000 இருந்தது 150க்குக் கீழ வந்திருந்தா மருந்து வேலை செய்யுது, 1200லயே நின்னா அந்த மருந்தை உங்க பட்டியில மறந்துடுங்க.

இந்த எண்ணிக்கையும் எல்லாத்தையும் சொல்லிடாது. குட்டிப் புழு முட்டை போடாது, ஆனா ரத்தம் குடிக்கும், அதனால முட்டை கம்மின்னு ரிப்போர்ட் வந்தும் ஆடு சாகலாம். ஈரல் புழு முட்டை கனம், மிதக்காது, அடியில தங்கும், அதைத் தனியாப் பார்க்கச் சொல்லிக் கேக்கணும்.

அப்புறம் பனி காயுறதுக்கு முன்னாடி ஆட்டை ஓட்டாதீங்க. ஈரப் புல்லு நுனியிலதான் புழுக்குஞ்சு ஏறி உக்காந்திருக்கும். கிடை போடுற பெரியவங்களைக் கேளுங்க, மைக்ராஸ்கோப் பார்க்காமலே இதைச் சொல்லுவாங்க.

கேள்வி (கூடலூர் வாசகி, கல்லூரி மாணவி): காட்டு யானைக்குப் புழு இருக்கான்னு எப்படி சார் பார்ப்பாங்க? ஊர் மாடுங்க காட்டுக்குள்ள மேயுறதால காட்டு மாட்டுக்கும் தொத்துமா?

பதில்: யானையைப் பிடிச்சு வாயைத் திறந்து பார்க்க முடியுமா? அதுக்கும் லத்திதான் வழி. உங்க ஊர்ப் பக்கத்துலயே இதை அழகா செஞ்சிருக்காங்கம்மா. இந்திய அறிவியல் கழகத்து வித்யாவும் சுகுமாரும் நீலகிரி யானைங்களை அடையாளம் வச்சு, எந்த யானை போட்ட லத்தின்னு தெரிஞ்சே எடுத்து எண்ணி 2002ல வெளியிட்டாங்க. மழைக்காலத்தை விட வறட்சியிலதான் முட்டை எண்ணிக்கை அதிகம். நான் ஆட்டுக்குச் சொன்னதுக்கு நேர் எதிரா இருக்குல்ல? அதனாலதான் ஒரு மிருகத்துக்குத் தெரிஞ்சதை வச்சு இன்னொண்ணுக்கு முடிவு கட்டக் கூடாதுன்னு சொல்றது. இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க, மெலிஞ்ச யானைன்னா புழு ஜாஸ்தி, கொழுத்ததுன்னா கம்மின்னு நாம நினைக்கிற கணக்கு அங்க ஒத்து வரல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க முறையைப் பத்திச் சொன்னதுதான். ஒரே லத்திக் குவியலுக்குள்ள எங்க எடுத்தாலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அதே யானை ஒரே நாள்ல காலையில போட்டதுக்கும் மத்தியானம் போட்டதுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கு. அப்ப ஒரு தடவை எடுத்துட்டு "இந்த யானைக்கு இவ்வளவு புழு"ன்னு தீர்ப்பு சொல்லக் கூடாது, நீங்க புராஜெக்ட் பண்றதா இருந்தா இதை முதல்ல குறிச்சு வச்சுக்கோங்க.

ஊர் மாடு விஷயம், வாய்ப்பு இருக்கு, ஒரே புல்லு, ஒரே குட்டை, புழுவுக்கு எல்லைக்கல்லு தெரியாது. ஆனா மைக்ராஸ்கோப்ல பார்த்தா உருண்டைப் புழு வகையில நிறையத்தோட முட்டை ஒண்ணு போலவே இருக்கும், ரெண்டு மிருகத்துலயும் முட்டை இருக்குன்னா ஒரே புழுன்னு அர்த்தமில்ல. முட்டையைப் பொரிக்க வச்சுக் குஞ்சைப் பார்க்கணும், இல்லன்னா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணணும். லத்தி பொறுக்குறதா இருந்தாலும் வனத்துறை அனுமதி வாங்கிட்டு, அவங்க ஆளோட போங்க, லத்தி சூடா இருந்தா யானையும் பக்கத்துலதான் நிக்கும்.

கேள்வி (சேலம் வாசகி): எங்க பாட்டி சின்ன வயசுல காலுல நரம்புச் சிலந்தி வந்து கஷ்டப்பட்டாங்களாம். இப்ப அது ஆப்பிரிக்காவுல நாய்க்கு வருதுன்னு படிச்சேன். நிஜமா?

பதில்: நிஜம்மா. நரம்புச் சிலந்தின்னா சிலந்திப் பூச்சி இல்ல, கினியா புழுன்னு ஒரு புழு, இந்தத் தலைமுறை டாக்டருங்களே பார்க்காத நோய் அது. குடிக்கிற தண்ணியில இருக்கிற, கண்ணுக்குச் சரியாத் தெரியாத தெள்ளுப்பூச்சியோட உடம்புக்குள்ள போய், ஒரு வருஷம் கழிச்சு ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் வளர்ந்த புழு காலுல கொப்புளம் உண்டாக்கி வெளிய வரும், குச்சியில சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இழுக்கணும், பாட்டிகிட்ட கேளுங்க, சொல்லுவாங்க. மருந்தும் இல்ல, தடுப்பூசியும் இல்ல, தண்ணியைத் துணியில வடிகட்டுறது மாதிரி தடுப்பு வேலையாலதான் ஒழிச்சாங்க. இந்தியாவுல கடைசி நோயாளி 1996ல ராஜஸ்தான்ல, 2000ல நம்ம நாடு விடுபட்டதா உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துச்சு. 1986ல உலகத்துல சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது 2023ல 14 பேர்.

அவ்வளவுதான் முடிஞ்சதுன்னு நினைச்சப்பதான் சாட் நாட்டுல நாய் குறுக்க வந்துச்சு. அங்க பத்து வருஷம் ஒரு நோயாளி கூடப் பதிவாகாம இருந்து 2010ல திரும்ப வந்துச்சு, 2012ல பார்த்தா ஆத்தங்கரை மீனவ ஊர் நாய்ங்க காலுல அதே புழு. மரபணு பார்த்தா மனுஷனுக்கு வர்றதும் இதுவும் ஒண்ணு. 2019ல மட்டும் 1900 நாய்க்கு மேல. வீசி எறியுற மீன் குடலைப் பச்சையாத் தின்னு வருதுங்கிறதுதான் பலமான சந்தேகம். அதனால குடலைக் குழி தோண்டிப் புதைங்க, புழு தெரியுற நாயை அது முழுசா வெளிய வர்ற வரைக்கும் தண்ணியில இறங்க விடாம கட்டிப்போடுங்க, தகவல் சொன்னா காசுன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னாங்க, அதுக்கப்புறம் எண்ணிக்கை நல்லாவே இறங்கியிருக்கு. நோயைத் தேடுறதுல இந்த "காசு" யோசனைதான் எனக்குப் பெருசாப் படுது, ஆபீசர் ஜீப்புல வந்து எண்ணுறதை விட வீட்டுக்காரன் தன் நாயைத் தினம் தடவிப் பார்க்குறது எவ்வளவோ மேல். எத்தியோப்பியாவுல இதைவிடச் சிக்கல், பபூன் குரங்குக்கும் வந்துடுச்சு, அதைக் கட்டிப்போட முடியுமா, கழுத்துப் பட்டை மாட்டி எந்தக் குட்டையில தண்ணி குடிக்குதுன்னு பின்னாடியே போனாங்க.

கேள்வி (திருப்பூர் வாசகி): நாலு மாசம் முழுகாம இருக்கேன். வீட்டுப் பூனையை எங்கயாவது விட்டுடச் சொல்லி மாமியார் நச்சரிக்கிறாங்க.

பதில்: விட வேணாம்மா. வயித்துக் குழந்தையைப் பாதிக்கக் கூடிய டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமிக்காகத்தான் சொல்றாங்க, பயம் சரிதான், பழி மட்டும் பூனை மேல. பெரும்பாலும் முதல் தடவை தொத்துறப்ப ஒண்ணு ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா மூணு வாரம்தான் பூனை அதை மலத்துல விடும், அதுவும் வெளிய வந்து ஒரு நாளாவது ஆகணும் தொத்துறதுக்கு. தினம் அள்ளிப் போட்டுட்டா போதும், அந்த வேலையை வீட்டுக்காரர்கிட்ட கொடுங்க. கறி, மண்ணு வழியாவும் இது வரும், அதனால அரைவேக்காட்டுக் கறி சாப்பிடாதீங்க, மண்ணுல கை வச்சா சோப்புப் போட்டுக் கழுவுங்க. உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். போன மாசம் ஒரு வாசகர் ஆட்டுப் புழுக்கையைக் கவர்ல போட்டுப் பத்திரிகை ஆபீசுக்கே தபால்ல அனுப்பிட்டார், வந்து சேர அஞ்சு நாள், அதுக்குள்ள முட்டையெல்லாம் பொரிஞ்சு எண்ணுறதுக்கு ஒண்ணுமில்ல, கவரைப் பிரிச்ச பையன்தான் பாவம் அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. பக்கத்துல இருக்கிற கால்நடை மருந்தகத்துக்கோ, மாவட்டத்துல இருக்கிற கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நேராக் கொண்டு போங்க. எனக்குக் கடுதாசி மட்டும் போதும்.