இயற்பியல் படித்தால் டீச்சர் வேலை மட்டும்தானா?

குலசேகரத்தில் இருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் நர்சிங் வேண்டாம் என்கிறாள், பி.எஸ்சி. இயற்பியல்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், சொந்தக்காரர்களோ "பி.எட். முடித்து டீச்சர் ஆகணும், இல்லையென்றால் வீட்டில் இருக்கணும்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வெறும் பட்டத்தோடு நின்றுவிட்டால் கஷ்டம்தான். ஆனால் ரப்பர் பால் எடுக்கும் இடத்தில் தந்த கணக்கை அவள் உட்கார்ந்து சரிபார்த்து, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் சதவீதம்) இடிக்கிறதே என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண்ணைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அந்தப் புத்திக்கு ஏற்ற துறை ஒன்று இருக்கிறது. அளக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் துறை. அளவியல் என்பார்கள், ஆய்வகங்களில் கேட்டால் காலிப்ரேஷன் என்பார்கள்.

உங்கள் ரப்பர் பாலையே எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். காசு ரப்பருக்கு மட்டும். பாலில் மிதக்கும் அளவுகோலான மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பது ஒரு உத்தேசம்தான். முறையாகச் செய்தால், 10 கிராம் பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிசாக உருட்டி, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். கையில் மிஞ்சுவது மூன்றரை கிராம். அதை நிறுக்கும்போது தராசு 0.1 கிராம் குறைத்துக் காட்டினால் போதும், டி.ஆர்.சி. 35 என்பது 34 ஆகிவிடும். 100 கிலோ பாலுக்கு ஒரு கிலோ ரப்பரின் காசு போச்சு. யாரும் திருடவில்லை, தராசை யாரும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தராசைச் சரிபார்க்கும் எடைக்கற்களை அதைவிடத் துல்லியமான கற்களால் சரிபார்ப்பார்கள். அந்தச் சங்கிலி டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு உலோகக் கட்டி ஆதாரம் இல்லை, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் என்றும் மாறாத ஒரு எண்தான் ஆதாரம். இதை மகளிடம் கேளுங்கள், உங்களுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுப்பாள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளிலும் இதே கதைதான். காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். காற்றின் வேகத்தை 3 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் ஆற்றல் கணக்கு 9 சதவீதம் கூடிவிடும். பேங்க் கடன் அந்தக் கணக்கை நம்பித்தான் வருகிறது.

மருத்துவத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாதரச பி.பி. கருவிகள் போய் டிஜிட்டல் வந்துவிட்டன. திரையில் எண் பளிச்சென்று தெரிவதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் சென்சார் நாளாக நாளாக விலகும். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் டோஸ் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை அளந்து உறுதிசெய்பவர் டாக்டர் இல்லை, மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சு சிகிச்சை நடக்கும் இடத்தில் அவர் இருந்தே ஆக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

சுற்றுச்சூழலிலும் அளவு முக்கியம் என்பதற்கு உங்கள் மாவட்டக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சியே போதும். மோனசைட் மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதால் அங்கே கதிர்வீச்சு இயற்கையிலேயே அதிகம். அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சு. சண்டை போடுவதானாலும், ஒழுங்காக அளந்த எண்ணை வைத்துச் சண்டை போட்டால் பலன் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பாதை மருத்துவ இயற்பியல்தான். பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல், அதற்குமேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. நீண்ட பாதைதான், வீட்டில் பொறுமை வேண்டும். அவ்வளவு காலம் முடியாது என்றால் காலிப்ரேஷன் ஆய்வகங்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் சோதனை ஆய்வகமும், பாலக்காட்டில் திரவ ஓட்டத்தை அளக்கும் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. தனியார் ஆய்வகம் என்றால் ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் பாருங்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாகப் போகவும் வேண்டியிருக்கும். ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேச விதிமுறை தெரிந்து சில வருஷம் கைப்பழக்கமும் வந்துவிட்டால், வெளிநாட்டு ஆய்வகங்களிலும் அதே விதிமுறைதான்.

பத்து நாளில் சர்டிபிகேட் என்று பணம் கேட்கும் கோர்ஸ் எதிலும் இப்போது சேர்க்காதீர்கள். பட்டப்படிப்பு முடியட்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஒரே பொருளை இருபது தடவை நிறுத்து, வந்த எண்ணை அப்படியே எழுதச் சொல்லுங்கள், திருத்தக் கூடாது. எண்கள் ஏன் மாறுகின்றன என்று அவளே கேட்டால் தைரியமாகச் சேருங்கள். ஐந்தாம் தடவையே சலித்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.