பாட்டிலை உருட்டாமல் கடித்துக் குதறும் நாய்க்கு

பிளாஸ்டிக் பாட்டில்ல ஓட்டை போட்டு, உருட்டினா தீனி விழட்டும்னு உள்ளே நெத்திலிக் கருவாடு போட்டுக் கொடுத்தேன், நாய் உருட்டாம கடிச்சுக் குதறுதுன்னு கேட்டிருக்கீங்க. ஓட்டையைப் பெருசாக்குங்க, பாதி பிரச்சினை தீரும். பேனா நுனி அளவு ஓட்டைன்னு எழுதியிருக்கீங்க. அதுல நெத்திலிக் கருவாடு எப்படி வெளியே வரும்? தலை குறுக்கே மாட்டிக்கும். வாசனை வருது, தீனி வரலை. கடிக்காம வேற என்ன செய்யும் பாவம்!

முதல்ல நீங்களே தரையில உருட்டிப் பாருங்க. நாலு உருட்டுக்குள்ள ஒண்ணாவது விழணும். விழலைன்னா கட்டைவிரல் நுழையற அளவுக்கு வெட்டி, விளிம்பை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி மழுங்கடிங்க. மூடியையும் கழுத்து வளையத்தையும் கழட்டிடுங்க, முழுங்கிடும்.

அப்பவும் குதறினா பாட்டிலே வேண்டாம். இட்லித் தட்டு போதும். குழிக்கு ஒரு துண்டு தீனி, மேல பழைய டென்னிஸ் பந்து. பந்தை மூக்கால தள்ளித் தேடி எடுக்கட்டும். தட்டுக்கு அடியில கோணி விரிங்க, இல்லைன்னா மொசைக் தரையில அது போடற சத்தத்துக்கு கீழ்வீட்டுக்காரர் மேல வந்துடுவார்.

கடலூர் முதுநகர்ல கருவாடு அருமையா கிடைக்கும்தான், ஆனா அந்த உப்பு நாய்க்கு ஆகாது. பச்சை நெத்திலியைத் தலை, முள் கிள்ளி உப்பில்லாம வேக வச்சு தட்டுல வைங்க. பாட்டிலுக்கு உப்பில்லாத பொரி. உலர் திராட்சை மட்டும் எதிலயும் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுத்துடும்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் துண்டு எதையாவது முழுங்கியிருந்து, வாந்தி எடுத்தாலோ சாப்பிடாம படுத்தாலோ காத்திருக்காம கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.