சக்கரம் வட்டமாக இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

முத்து காமிக்ஸும் லயனும் படித்து வளர்ந்தவன் நான். அதில் வரும் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் மேல் பைத்தியம். இயக்குநர் செர்ஜியோ லியோனியின் கௌபாய் படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தெம்பில் ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய அமெரிக்க வெஸ்டர்ன் (கௌபாய்) தொடரை ஆரம்பித்தேன். முடியவில்லை. நான்கு சுவருக்குள் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள், மேடை நாடகம் மாதிரி. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் தாக்குப்பிடித்தேன். எல்லாரும் குண்டாக வேறு தெரிகிறார்கள். ‘ரைஃபிள்மேன்’ தொடரைப் பார்த்தால், 1880களில் நடக்கும் கதையில் 1892 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி! செவ்விந்தியர்களாக வருபவர்கள் யாரும் செவ்விந்தியர்கள் இல்லை. இவற்றையெல்லாம் எப்படி ரசிப்பது? படங்களையும் தொடர்களையும் எந்த வரிசையில் பார்ப்பது?

முத்துக்குமரன்

அன்புள்ள முத்துக்குமரன்,

சிவகாசி காமிக்ஸ் வழியாக டெக்சாஸ் போய்ச் சேர்ந்தவர்கள் நம்மில் நிறைய பேர். அந்தப் பாசத்தில்தான் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் ‘ஒன்றரை மடங்கு வேகம்’ என்ற இடத்திலேயே கடிதத்தை மூடியிருப்பேன். கச்சேரியை ஓட்டிக் கேட்டுவிட்டு, ஆலாபனை பிடிபடவில்லை என்று வித்வானிடமே போய்ச் சொல்வீர்களா?

துப்பாக்கி விஷயம் சரிதான். 1892 மாடல்தான். அதனால் என்ன? அடுத்தது. பூர்வகுடிகளாக யார் யாரோ நடித்தது பற்றி நீங்கள் சொல்வது நியாயமான புகார், அதற்கு சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ‘புரோக்கன் ஏரோ’ படத்தில் (1950) அப்பாச்சித் தலைவர் கோச்சிஸாக வந்த ஜெஃப் சாண்ட்லர் புரூக்ளின்காரர். அதையே தொடராக்கியபோது நடித்த மைக்கேல் அன்சாரா சிரியாவில் பிறந்தவர். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘குண்டாகத் தெரிகிறார்கள்’ என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் குண்டு இல்லை ஐயா, உங்கள் டிவி குண்டாக்குகிறது! அந்தத் தொடர்கள் 4:3 சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. உங்கள் திரை 16:9. இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு உருவமும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். ‘கன்ஸ்மோக்’கில் ஊரைக் காக்கும் மார்ஷல் மாட் தில்லனாக வரும் ஜேம்ஸ் ஆர்னஸ் 6 அடி 7 அங்குலம். வாசலை நிறைத்துக்கொண்டு அவர் வந்து நிற்பதே பாதி வசனம். அவரை அண்டாவாக்கிவிட்டு நடிப்பு சரியில்லை என்கிறீர்கள். ‘ஜூம்’ போட்டால் இன்னும் மோசம். உயரத்தில் கால் பங்கு போய்விடும். நிற்கிற மனிதனிடம் தொப்பி போகும், அல்லது இடுப்புத் துப்பாக்கி போகும். வெஸ்டர்னில் இந்த இரண்டும் இல்லாமல் என்ன பார்ப்பீர்கள்?

சோதனை எளிது. வண்டி பக்கவாட்டில் போகும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும். முட்டையாக இருந்தால் அமைப்பில் போய் ‘4:3’ அல்லது ‘ஒரிஜினல்’ வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். பிறகு ஓட விடுங்கள். சக்கரம் சில வேகங்களில் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 சட்டகம். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில், ஒரு ஆரக்கால் தனக்கு முன்னால் இருந்த ஆரக்காலின் இடத்தைத் தொடக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருந்தால், கண்ணுக்கு அது பின்னால் நகர்ந்ததாகப் படும். அது படச்சுருளின் இயல்பு. ஆனால் ஆரக்கால்கள் கொழகொழவென்று கரைந்தால், டிவி தானாக இடைச்சட்டகங்களைச் செய்து செருகுகிறது என்று அர்த்தம். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’. எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். அரைமணி அத்தியாயம் 25, 26 நிமிடம் ஓட வேண்டும். 22 என்று காட்டினால் அது மறு ஒளிபரப்பில் கூடுதல் விளம்பரத்துக்காக வெட்டிய பிரதி. கத்திரி முதலில் தேடுவது பேச்சில்லாத இடங்களை. நீங்கள் வேகம் கூட்டித் தாண்டுவதும் அவற்றைத்தான்.

‘மேடை நாடகம்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ‘கன்ஸ்மோக்’ சினிமாவுக்குப் பிறந்த பிள்ளை இல்லை, வானொலிக்குப் பிறந்தது. நார்மன் மக்டானல் தயாரிப்பு, ஜான் மெஸ்டன் எழுத்து. 1952இல் சிபிஎஸ் வானொலியில் தொடங்கி, 1955இல் தொலைக்காட்சிக்கு வந்தது. ஆரம்ப வருடங்களில் தில்லன் பூட் ஹில் கல்லறைகளுக்கு நடுவே நடந்தபடி மனதுக்குள் பேசுவாரே, அது அப்படியே வானொலி எச்சம். அன்றைய வீட்டுப் பெட்டி 21 அங்குலம். அதில் இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களில் வரும் மான்யுமெண்ட் வேலி பாலைவெளியைக் காட்டினால் குதிரைவீரன் ஒரு புள்ளி. அதனால் கதை மதுக்கடைக்கும் சிறைக்கும் டாக்டர் அறைக்கும் இடையே நடந்தது, முகத்தில் நடந்தது. லியோனியின் அகலத் திரையை மனதில் வைத்துக்கொண்டு இதை அளந்தால் தப்பாகத்தான் வரும்.

1955 செப்டம்பர் 10 அன்று வந்த முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் பட நட்சத்திரம் ஜான் வெய்ன் வந்து அறிமுகம் செய்துவிட்டுப் போகிறார். பிறகு நாயகன் சுடப்பட்டு விழுகிறான்! எதிராளி கை அவ்வளவு வேகம். படுக்கையில் கிடக்கும் தில்லன், அவன் கொன்ற எல்லாரும் மிகக் கிட்டத்தில் சுடப்பட்டவர்கள் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்கிறார். வேகம் உண்டு, குறி கிடையாது. அடுத்த முறை அவனை நெருங்க விடாமல், தூரத்தில் நின்று நிதானமாகக் குறி பார்த்துச் சுடுகிறார். அவசரப்படுகிறவன் தோற்கும் கதை இது. இதையா வேகம் கூட்டிப் பார்த்தீர்கள்?

இப்படி அரைமணி அத்தியாயங்கள் மொத்தம் 233. 1961இல் ஒரு மணி நேரமாக்கினார்கள். தொடர் 635 அத்தியாயம் வரை போய் 1975இல்தான் நின்றது. என் கட்சி அரைமணி கட்சி. ஒரு மணி நேரத்தில் நல்லவை இல்லாமலில்லை, ஆனால் ஒரு முடிச்சுக்குப் பதில் ஒன்றரை முடிச்சு போட்டு நிரப்புவது தெரியும். 1958–59இல் அமெரிக்காவின் முதல் பத்துத் தொடர்களில் ஏழு வெஸ்டர்ன்கள். எல்லாம் தேறும் என்று நான் சொல்லவில்லை.

வரிசை கேட்டீர்கள். வரிசை வேண்டாம், ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஃபோர்டின் ‘வேகன் மாஸ்டர்’ (1950), பக்கத்தில் ‘வேகன் ட்ரெய்ன்’ தொடர். நடிகர் வார்ட் பாண்ட் இரண்டிலும் இருக்கிறார். 1960இல் ஃபோர்டே வந்து அந்தத் தொடரில் ஒரு அத்தியாயம் இயக்கினார், பழைய படத்தின் துண்டுகளையும் சேர்த்துக்கொண்டார். அடுத்தது இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ரெட் ரிவர்’ (1948), பக்கத்தில் ‘ராஹைட்’ தொடர். படத்தில் மிசௌரிக்குத்தான் மாட்டை ஓட்டுவேன் என்கிறான் மந்தையின் முதலாளி டன்சன். வளர்ப்பு மகன் எதிர்த்து நின்று கான்சாஸின் அபிலீனுக்குத் திருப்புகிறான். மொத்தக் கதையும் அந்தத் திருப்பம்தான். ‘ராஹைட்’ மந்தை சான் அன்டோனியோவில் கிளம்பி மிசௌரியின் செடாலியாவுக்கே போகிறது. போய்ச் சேர்ந்தால் தொடர் முடிந்துவிடுமே, அதனால் வழியில் வாரம் ஒரு ஊர், ஒரு அந்நியன். லியோனி படங்களின் நாயகனான உங்கள் கிளின்ட் ஈஸ்ட்வுட் அந்தப் புழுதியில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். 1964இல் படப்பிடிப்பு இடைவேளையில்தான் லியோனியிடம் போனார்.

‘ரெட் ரிவர்’ வாங்கும்போது நிமிடத்தைப் பாருங்கள். இரண்டு பதிப்பு உண்டு. 133 நிமிடத்தில், கையெழுத்துப் புத்தகத்தின் பக்கங்கள் திரையில் வந்து கதையை இணைக்கும். 127 நிமிடத்தில் அதற்குப் பதிலாக படத்தில் நடித்த வால்டர் பிரென்னனின் குரல். ஹாக்ஸுக்குப் பிடித்தது குரல் உள்ளது. எனக்கும் அதுதான். கடைசிச் சண்டை மட்டும் நீளமானதில் முழுசாக இருக்கிறது, அதற்காக அதையும் ஒருமுறை பாருங்கள், சாதாரண வேகத்தில்.