ஆயிரம் பேர் சேர்ந்தும் வருமானம் இல்லையா?

கேள்வி: என் சமையல் ஷார்ட்ஸ் (குட்டி வீடியோ) ஒன்றை லட்சம் பேர் பார்த்தார்கள். யூடியூபில் சந்தாதாரர்கள் 1,000 தாண்டியும் விளம்பர வருமானம் வரவில்லையே, ஏன்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: 1,000 பேருடன், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் (ஃபீட்) ஓடிய நேரம் அதில் சேராது. ஷார்ட்ஸை மட்டும் நம்பினால் 90 நாளில் 1 கோடி பார்வை தேவை. ஆகவே நீளமான வீடியோவும் போடுங்கள். அதில் முதல் எதிரி இரைச்சல்தான். ஃபேன், எக்ஸாஸ்ட் இரண்டையும் நிறுத்திவிட்டு, காலர் மைக்கை முந்தானை உரசாதபடி, வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். கடுகு வெடிக்கும் சத்தத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதுதான் ஆளை உட்கார வைக்கும். வீட்டு எண்ணும் பிள்ளையின் பள்ளிச் சீருடையும் படத்தில் விழவே கூடாது. முகம் பிரபலமானதும் வீடு தேடி வருபவர்கள் உண்டு.