தாலி கட்டின மூணாம் நாள் ஃப்ளைட்: நுகர்வோர் கேள்வி-பதில்

ஆவணி முகூர்த்தம் நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். மிக்ஸி, இன்வெர்ட்டர் எல்லாம் ஓரம்போய் பாலி, ஃபூகெட், மாலத்தீவு என்று வர ஆரம்பிக்கும். எல்லாருக்கும் பணம் கம்மி. நாள் அதைவிடக் கம்மி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: கல்யாணத்துக்கு இன்னும் 16 நாள். மறுவீடு முடிந்த கையோடு பாலி போகிறோம். ஏஜென்டிடம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியாயிற்று. எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, பெண்ணுக்கு இல்லை. கல்யாண சர்டிபிகேட் வந்ததும் என் பெயரைச் சேர்த்தே எடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். சரிதானே? (சேலம்)

ப: சரியில்லை. கதவே வைக்காத வீட்டுக்குப் பூட்டு வாங்கியிருக்கிறீர்கள். பெண்ணை இன்றைக்கே தட்கலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500, தட்கலுக்கு மேலே 2,000, ஆக 3,500 ரூபாய். பேப்பரெல்லாம் சரியாக இருந்தால் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் யாரும் நாள் குறித்துக் கொடுக்க மாட்டார்கள். இப்போது ஆதாரில் என்ன பெயரோ அதே பெயரில், அப்பா வீட்டு முகவரியிலேயே எடுக்கட்டும். கல்யாண சர்டிபிகேட் கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியை மாற்றிவிட்டார்கள். புருஷன் பெயர் இல்லை என்று எந்த இமிக்ரேஷனும் திருப்பி அனுப்பப்போவதில்லை. டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால்தான் சென்னையிலேயே நிறுத்துவார்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பாலியில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லவேண்டும். அப்புறம் ஆளுக்கு 5,00,000 ருப்பியா விசா, 1,50,000 ருப்பியா சுற்றுலா வரி. ஆறரை லட்சம் என்றதும் மயங்க வேண்டாம், நம் காசில் மூவாயிரத்துச் சொச்சம். ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

கே: 12 நாளில் சுவிட்சர்லாந்து போகமுடியுமா? "விசாவுக்கு நான் கேரண்டி" என்கிறார் ஒருவர். (கோவை)

ப: முடியாது. சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்தபின் 15 நாள் என்பதே அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவேண்டும். மறுத்துவிட்டால் 90 யூரோ கட்டணம் திரும்பாது. கேரண்டி கொடுக்கத் தூதரகம் என்ன அவர் மாமனார் வீடா?

கே: "தாய்லாந்து 5 நாள், 39,999 மட்டுமே" என்று விளம்பரம். கடைசியில் பில் 1,31,000 ரூபாய். விசாரித்தால் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். (திருச்சி)

ப: இருக்கும், எறும்பு சைஸில். 39,999 என்பது ஒரு ஆளுக்கு. தேனிலவுக்கு யாரும் ஒற்றையாகப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் "விமான டிக்கெட் தனி", "ஜி.எஸ்.டி. தனி", "டி.சி.எஸ். தனி" என்று வரிசையாக நிற்கும். அட்வான்ஸ் கட்டுமுன் "இரண்டு பேருக்கும் சேர்த்து, விமானம், வரி, பிக்கப், டிராப் உட்பட மொத்தம் எவ்வளவு?" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். ஃபோனில் பேசினது காற்றோடு போய்விடும்.

இதில் டி.சி.எஸ்., அதாவது விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, மட்டும் போன பணம் இல்லை. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு வசூலிக்கும் அந்தத் தொகை வருமான வரிக் கணக்கில் வரவு வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்து கழிக்கலாம், இல்லை திரும்ப வாங்கலாம். யாருடைய பான் நம்பரில் பிடித்தார்கள் என்று மட்டும் பாருங்கள். மாமனார் பான் நம்பரில் போயிருந்தால் வரவும் மாமனாருக்குத்தான். டிக்கெட்டை ஓரிடத்தில், ஓட்டலை ஓரிடத்தில் நீங்களே போட்டால் இந்தப் பேச்சே இல்லை.

கே: மனைவியின் தூரத்து உறவு என்று நம்பி ஒருவரிடம் கொழும்பு டிக்கெட், ஓட்டலுக்கு 94,000 ரூபாய் ஜி-பேயில் அனுப்பினேன். டிக்கெட் பி.டி.எஃப். வந்தது. ஏர்போர்ட் கவுன்டரில் "இந்த நம்பரில் புக்கிங் இல்லை" என்றார்கள். அவர் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஐந்து நாள் திருவான்மியூரில் ஒரு லாட்ஜில் இருந்துவிட்டுத் திரும்பினோம். (மதுரை)

ப: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மருதாணி கூடக் காயாத பெண்ணை டிராலி மேல் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஃபோனை அடித்துக்கொண்டே நின்றதை எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல் அதை வெட்டிவிட்டேன். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. முதலில் வீட்டில் சொல்லுங்கள். சொந்தக்காரன் என்பதால் பத்து பேருக்குத் தெரிவதுதான் அவனுக்குப் பயம்.

இனி வேலை. சைபர் மோசடிக்கான 1930-ல் இன்றே புகார் செய்யுங்கள், பணம் போன பரிவர்த்தனை எண்ணோடு. பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கை முடக்கவே வாய்ப்பிருந்தது. இப்போது தாமதம்தான், ஆனாலும் செய்யுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த பி.என்.ஆர். (புக்கிங் நம்பர்) என்ன ஆனது என்று விமான நிறுவனத்துக்கு ஈமெயில் போட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆள் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.என்.ஆர். என்பது வெறும் ஆறு எழுத்து. பணம் கட்டாமலே சீட்டைப் பிடித்துவைத்து அந்த ஆறு எழுத்தை வாங்கிவிட முடியும்; கெடு முடிந்ததும் சீட்டு தானே ரத்தாகிவிடும், பி.டி.எஃப். மட்டும் உங்கள் ஃபோனில் அழகாக இருக்கும். பெரிய நிறுவனங்களில் டிக்கெட் உண்மையிலேயே போட்டிருந்தால் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். எதுவானாலும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய் உங்கள் பெயரோடு தட்டிப் பாருங்கள். வாங்கின அன்றைக்கு ஒரு தடவை, கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தடவை. ஓட்டலுக்கும் நேரே ஒரு ஈமெயில்: என் பெயரில் ரூம் இருக்கிறதா, பணம் கட்டியாயிற்றா?

கே: தாய்லாந்து அரைவல் கார்டு எடுக்க இணையத்தில் இருவருக்கும் 4,800 ரூபாய் கட்டினேன். நண்பன் இலவசம் என்கிறான். (ஓசூர்)

ப: நண்பன் சொல்வதுதான் சரி. நாட்டுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்பும் அந்தக் கார்டு 2025 மே 1 முதல் கட்டாயம், கட்டணம் கிடையாது. தளத்தின் முகவரி "இமிக்ரேஷன் டாட் கோ டாட் டிஎச்" என்று முடியவேண்டும். கூகுளில் முதலில் வருகிற விளம்பரத்தை அழுத்திவிட்டு என்னிடம் வருகிறீர்கள். மலேசியாவின் அரைவல் கார்டும், அதே மாதிரி மாலத்தீவு கேட்கும் இமுகா படிவமும் கூட இலவசமே. அதற்கும் யாரிடமாவது கட்டிவிட்டு எழுதாதீர்கள்.

கே: மாலில் ஒரு கூப்பனை நிரப்பினோம். "வாழ்த்துகள், உங்களுக்கு பாலி ஹனிமூன் இலவசம், ஞாயிற்றுக்கிழமை கணவன் மனைவி இருவரும் கிரெடிட் கார்டோடு வாருங்கள்" என்று ஃபோன் வந்தது. போகலாமா? (சென்னை)

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கொஞ்சம் பெரிதாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நானும் இதே கூப்பனை நிரப்பினேன். ஓட்டல் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். காது கிழியப் பாட்டு, வட்ட மேசைகள், சமோசா. ஒவ்வொரு ஜோடி கையெழுத்துப் போடும்போதும் ஒரு பலூனை உடைத்து எல்லாரும் கைதட்டினார்கள். என் மேசைக்கு வந்த பையன் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டான்: வருஷத்துக்கு ஒரு டூர், ஓட்டல் வாடகை வருஷா வருஷம் ஏறும், 20 வருஷத்தில் நீங்கள் தொலைக்கப்போவது இத்தனை லட்சம் சார். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க, டூர் போகாமலே கடன்காரன் ஆகிவிட்ட மாதிரி எனக்கு வியர்த்தது. "இந்த விலை இன்றைக்கு மட்டும்" என்றான். ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப், 62,000 ரூபாய். நுகர்வோர் பத்தி எழுதுகிற நான், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பலூன் உடைந்தது.

பிறகு என்ன? மே மாதம் கேட்டால் ஃபுல். தீபாவளிக்குக் கேட்டால் ஃபுல். ஆனால் பராமரிப்புக் கட்டணத்துக்கு மட்டும் வருஷா வருஷம் தவறாமல் கடிதம் வந்தது. இலவசப் பயணம் என்ற கூப்பனைப் பிரித்துப் பார்த்தால் விமான டிக்கெட் நம் செலவு, வரி நம் செலவு, சாப்பாடு நம் செலவு. அன்று தந்த டிராவல் பேக் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் ஜிப் போய்விட்டது. என் மனைவி அதில் பழைய துணி கட்டிவைத்திருக்கிறாள், நான் பார்க்கிற மாதிரி பீரோ மேல்.

எதற்காகக் கணவன் மனைவி இருவரும் வரவேண்டும் என்கிறார்கள்? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவர் எழுந்துவிடாமல் இருக்கத்தான். எதற்காகக் கிரெடிட் கார்டு? பரிசு வாங்கப் போகிறவனுக்கு அட்டை எதற்கு? புது ஜோடிகளைக் குறிவைப்பதும் காரணத்தோடுதான்: மொய்ப்பணம் கையில் இருக்கும், ஒருவர் முன் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லக் கூச்சம் இருக்கும். தருவதாகச் சொன்ன பரிசைத் தரும் எண்ணமே இல்லாமல் அறிவிப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், குறிப்பிட்ட நாளுக்குள் விலகலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே தேடுங்கள். இருந்தால் ஈமெயில், பதிவுத் தபால் இரண்டிலும் விலகுங்கள்.

நீங்களோ இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்குங்கள்.

கே: ஆவணியில் கல்யாணம். ஃபூகெட் ஓட்டல்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. போட்டுவிடலாமா? (விழுப்புரம்)

ப: பாதி விலை மழைக்குத்தான். மே முதல் அக்டோபர் வரை தாய்லாந்தின் அந்த மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை. கடற்கரையில் சிவப்புக் கொடி கட்டினால் குளிக்க விடமாட்டார்கள். அந்தப் பக்கத்துச் சிமிலான் தீவுகளையே மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவைக்கிறார்கள். ரூமிலேயே இருக்கிற உத்தேசம் என்றால் தாராளமாகப் போடுங்கள். வெயில் வேண்டுமென்றால் ஆவணிக்கு பாலி, இல்லை அதே தாய்லாந்தில் கிழக்குக் கரையிலிருக்கும் கோ சமுய்.

கே: ஒரு லட்சத்தில் மாலத்தீவு நடக்குமா? தண்ணீர் மேல் வில்லாதான் அவளுக்கு ஆசை. (தூத்துக்குடி)

ப: வில்லா நடக்காது. ரிசார்ட் விலையைப் பார்க்கிறவர்கள் ரிசார்ட்டுக்குப் போகிற வழியைப் பார்ப்பதில்லை. சீப்ளேன் போய்வர ஆளுக்குச் சில நூறு டாலர். அதுவும் பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் மாலே இறங்கினால் ராத்திரி அங்கேயே தங்க இன்னொரு வாடகை. மாஃபுஷி மாதிரி உள்ளூர்த் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்து ஸ்பீட்போட்டில் போனால் உங்கள் கணக்குக்குக் கிட்டத்தில் வரும். பசுமை வரியும் சின்ன கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. உள்ளூர்த் தீவில் மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை. ஊருக்குள் மூடித்தான் நடக்கவேண்டும். வில்லா ஆசைக்கு ஒரு நாள் மட்டும் ரிசார்ட் போய்வருகிற டே பாஸ் இருக்கிறது. அதிகாரமாக "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாமல் அதைக் காட்டிப் பேசுங்கள்.

கே: வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது "ரூபாயில் கட்டவா?" என்று மெஷின் கேட்கிறதாமே? (ஈரோடு)

ப: வேண்டாம். அந்த நாட்டுக் காசிலேயே என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள். தெருவில் 1,200-க்கு வாங்கின டிராலி கோலாலம்பூரில் சக்கரம் கழன்று, புதிதாக ஒன்று வாங்கின கடையில் நான் ரூபாயை அழுத்தினேன். ஒரே பயணத்தில் இரண்டு தண்டம். இன்னொன்று: கிளம்புமுன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். 2020-க்குப் பிறகு வந்த கார்டுகளில் அது ஆஃபில்தான் இருக்கும்.

கே: பாட்டி இறந்ததால் கல்யாணம் தள்ளிப்போனது. "நான்-ரிஃபண்டபிள் டிக்கெட், ஒரு பைசா வராது" என்கிறார் ஏஜென்ட். (தஞ்சாவூர்)

ப: வரும். அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் அரசு வரி, விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் போன்றவற்றை எந்தச் சலுகை டிக்கெட்டானாலும் இந்திய விமான நிறுவனங்கள் திருப்பித்தரவேண்டும் என்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கே: தாலிச் சங்கிலியோடு 30 பவுனும் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார் மாமியார். (நாமக்கல்)

ப: தாலியோடு போங்கள், மீதி லாக்கருக்கு. அவர் விடவே மாட்டார் என்றால், போகும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது இது இங்கிருந்து கொண்டுபோன நகைதான் என்று நிரூபிக்கிற பாடு உங்களுக்கு, மாமியாருக்கு இல்லை.

கே: இவ்வளவு தொல்லைக்குப் பேசாமல் ஊட்டி போனால் என்ன? (திண்டுக்கல்)

ப: போங்கள். சொந்த வண்டியில் போவதானால் அங்கேயும் இ-பாஸ் எடுக்கவேண்டும். அதுவும் இலவசம்தான்.